ஆறு மணி நேரப் பட்டினியும் பதினேழு மணி நேரப் பட்டினியும்

இரண்டு வயதுக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் அதன் வயிறு காலியாக இருக்க வேண்டும். குடலிறக்கம், உதட்டுப் பிளவு, பிறவி இதயக் கோளாறு, அசையாமல் படுக்கவைத்து எடுக்க வேண்டிய எம்ஆர்ஐ என எதற்காக மயக்க மருந்து தரப்பட்டாலும் இவ்விதி பொருந்தும். விதி எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றே. அந்த விதியின் பெயரால் ஒவ்வொரு குழந்தையும் கிடக்கும் பட்டினி மட்டும் ஒன்றாக இல்லை. மருத்துவம் ஆறு மணி நேரம் கேட்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஒப்பந்தத் தொழிலாளி வீட்டிலும், திருவள்ளூர் மாவட்டச் செங்கற்சூளையின் குடிசையிலும் அந்த ஆறு மணி நேரம் பதினைந்தாகவும் பதினேழாகவும் நீள முடியும். தூரமும் கூலியும் கையொப்பமும் மொழியும் வரிசையும் சேர்ந்து நீட்டும் இந்தக் கூடுதல் நேரத்துக்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. அதற்குப் பொறுப்பாளிகள் உண்டு. அதைக் குறைக்கச் சட்டத்தில் இடமும் உண்டு. குழந்தையோடு மருத்துவமனைக்குச் செல்லும் பெற்றோர் அன்றைய நாளைத் தாங்கிக் கடக்க அறிந்திருக்க வேண்டியவற்றையும், அவர்களுக்கு அரசும் முதலாளிகளும் செலுத்த வேண்டிய கடனையும் இங்கே சேர்த்தே பேசுவோம்.

விதி சொல்வது என்ன?

மயக்க நிலையில் விழுங்குதல், இருமல் போன்ற தற்காப்பு அனிச்சைகள் செயலிழக்கின்றன. வயிற்றில் உணவு இருந்தால் அது மேலெழுந்து மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குள் போகலாம். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். எனவே பட்டினி விதி தேவையானது. அதை மீறும்படி எவரும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த விதி பொருளுக்கேற்ப மாறுவது. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி இட்லி, ரொட்டி போன்ற எளிய உணவுக்கும், பசும்பால், புட்டிப்பால் ஆகியவற்றுக்கும் ஆறு மணி நேர இடைவெளி தேவை. எண்ணெயில் பொரித்தது, இறைச்சி ஆகியவற்றுக்கு அதைவிடக் கூடுதல் நேரம் ஆகலாம். தாய்ப்பாலுக்கு நான்கு மணி நேரம் போதும். தண்ணீர் போன்ற தெளிந்த நீர்மங்களுக்கு இரண்டு மணி நேரம் போதும். ஐரோப்பிய மயக்கவியல் சங்கம் குழந்தைகளுக்காக 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் தளர்வானது: தாய்ப்பாலுக்கு மூன்று மணி நேரம், தெளிந்த நீருக்கு ஒரு மணி நேரம். உலகெங்கும் மயக்கவியல் மருத்துவம் குழந்தைகளின் பட்டினியைக் குறைக்கும் திசையிலேயே நகர்ந்துகொண்டிருக்கிறது.

காரணம் எளிது. சிறு குழந்தையின் உடலில் சேமிப்பு குறைவு. நீண்ட நேரம் வெறும் வயிற்றோடு இருந்தால் உடலின் நீர்ச்சத்து குறையும். இரத்தச் சர்க்கரை இறங்கலாம். மயக்க மருந்து ஏறும்போது இரத்த அழுத்தம் தாழலாம். நரம்பு சுருங்கிப்போவதால் ஊசி ஏற்றுவதற்கே பலமுறை குத்த நேரிடும். ஏற்கெனவே எடை குறைந்த, சத்துக்குறைவான குழந்தைக்கு இவை ஒவ்வொன்றும் இருமடங்கு சுமை. எந்தச் சமூகங்களின் குழந்தைகளிடம் சத்துக்குறைவு அதிகம் என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே பட்டினி நீள்வதால் மிகுதியாகத் துன்புறுவது, அதைத் தாங்கும் வலு மிகக் குறைவாக உள்ள குழந்தைதான்.

ஒரு நாளின் கணக்கு

பதினேழு மணி நேரம் எங்கிருந்து வருகிறது? ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கும்மிடிப்பூண்டியில் வசிக்கும் ஒரு தாயிடம், "இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் கொடுக்காதே, காலையில் வந்துவிடு" என்று சொல்லப்படுகிறது. பால், தாய்ப்பால், தண்ணீர் என்ற பிரிவினை அந்த வாக்கியத்தில் இல்லை. குழந்தை மாலை ஏழரை மணிக்குச் சோறு உண்டு உறங்கிவிடுகிறது. விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து, புறநகர் ரயிலைப் பிடித்து, ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் கடந்து சென்னை சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கு வந்து சேரும்போது ஆறரை. பதிவு, காப்பீட்டு அட்டை சரிபார்ப்பு, இரத்தப் பரிசோதனை முடிவு, ஒப்புதல் படிவம் என வரிசைகள் முடிகின்றன. அறுவைப் பட்டியலில் குழந்தையின் முறை வரும்போது பகல் பன்னிரண்டரை. மாலை ஏழரையிலிருந்து பகல் பன்னிரண்டரை வரை பதினேழு மணி நேரம் ஆகிறது.

இதே குழந்தைக்கு மேற்சொன்ன விதியைப் பொருத்துவோம். பன்னிரண்டரைக்குத்தான் முறை வரும் என்று முன்பே தெரிந்திருந்தால் காலை ஆறரைக்குள் ஓர் இட்லி தந்திருக்கலாம். எட்டரை வரை தாய்ப்பால் கொடுத்திருக்கலாம். பத்தரை வரை தண்ணீர் கொடுத்திருக்கலாம். ஒன்பது மணிக்கே முறை வரும் என்று வைத்துக்கொண்டாலும், ரயிலில் ஐந்து மணி வரை தாய்ப்பால் கொடுத்து, ஏழு மணி வரை தண்ணீர் கொடுக்க விதி இடம் தருகிறது. அந்தத் தாய்க்கு இதை எவரும் சொல்லவில்லை. ஒரே ஒரு துண்டுச் சீட்டு இல்லாததால் குழந்தை தண்ணீருக்கும் அழுகிறது.

மாவட்டத் தலைநகர் அருகில் இருக்கிறதே என்று கேட்கலாம். திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டது, அது வரவேற்கத்தக்கதே. ஆனால் கும்மிடிப்பூண்டி ஒரு ரயில் பாதையில் இருக்கிறது, திருவள்ளூர் வேறொரு பாதையில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே நேரடி ரயில் இல்லை. சென்னைக்குள் வந்து மாறிப் போக வேண்டும். இல்லையேல் பெரியபாளையம் வழியாகப் பேருந்துகளை நம்ப வேண்டும். தன் மாவட்டத் தலைநகருக்குப் போவதைவிடச் சென்னைக்குப் போவது எளிதாக உள்ள வட்டம் இது. மாவட்ட வரைபடத்தைப் பார்த்து மட்டும் திட்டமிடுவோருக்கு இந்த உண்மை தெரிவதில்லை.

கர்ப்பிணிகளுக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கும் இலவச வாகனம் உள்ளிட்ட வசதிகளை அளிக்கும் ஜனனி சிசு சுரக்‌ஷா திட்டம் 2011இல் தொடங்கியது. பின்னர் ஒரு வயது வரையான குழந்தைகளுக்கு அது விரிவாக்கப்பட்டது. இரண்டு வயதுக் குழந்தை அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. பிறவிக் குறைபாடுகளைக் கண்டறிய 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் பதினெட்டு வயது வரை பரிசோதிக்கிறது. உதட்டுப் பிளவையும் இதயக் கோளாறையும் அங்கன்வாடியிலேயே கண்டுபிடிக்க அதனால் முடிகிறது. கண்டுபிடித்த பிறகு அறுவை நாளன்று அந்தக் குழந்தை வீட்டிலிருந்து மேசைக்கு எப்படி வந்து சேரும் என்பது பெரும்பாலும் பெற்றோரின் தலையிலேயே விழுகிறது.

பிஸ்கட் ஏன் மறைக்கப்படுகிறது?

அறுவை அரங்கின் வாசலில், "குழந்தை ஏதாவது சாப்பிட்டதா?" என்று கேட்கப்படுகிறது. ரயிலில் அழுத குழந்தைக்குப் பக்கத்தில் இருந்த பாட்டி ஒரு பிஸ்கட் கொடுத்திருக்கலாம். உண்மையைச் சொன்னால் அறுவை தள்ளிப்போகும். தள்ளிப்போனால் இன்னொரு நாள் கூலி போகும். மேற்பார்வையாளரிடம் இன்னொரு முறை கெஞ்ச வேண்டும். இன்னொரு இரவு பட்டினி. எனவே சில பெற்றோர் "இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு சொல் குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடும்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கும், அவர்களோடு பணியாற்றும் தோழர்களுக்கும் உறுதியாகச் சொல்ல வேண்டியது: மறைக்க வேண்டாம். ஒரு வாய் பிஸ்கட், ஒரு மடக்குப் பால், கடைசியாகத் தாய்ப்பால் கொடுத்த நேரம் ஆகியவற்றை மயக்கவியல் மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். சில மணி நேரம் காத்திருந்து அதே நாளில் செய்ய முடியுமா என்று கேளுங்கள். மருத்துவமனைக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: உண்மை சொன்ன தாயைத் திட்டி அனுப்பும் இடத்தில் அடுத்த தாய் உண்மை சொல்ல மாட்டாள். மறைப்பதற்குக் காரணம் அறியாமை மட்டும் என்று முடிவு கட்டுவது எளிது. ஒரு நாள் கூலி போனால் மறுநாள் அடுப்பெரியாத வீட்டின் அச்சம் அதற்குள் இருக்கிறது.

விடுப்பில்லாத தாய், நகர முடியாத தகப்பன்

சிப்காட் வளாகத்தின் உருக்காலைகளிலும் வார்ப்பாலைகளிலும் ஒப்பந்தத் தொழிலாளராக உள்ள ஒருவருக்கு, குழந்தையின் அறுவை நாளுக்கென்று சம்பளத்துடன் கூடிய விடுப்பு எந்தச் சட்டத்தின்படி கிடைக்கும்? தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவரின் குழந்தைக்கு மருத்துவம் உண்டு. ஆனால் நோய்க்கால உதவித்தொகை காப்பீடு செய்தவர் தாமே நோயுற்றால் மட்டுமே கிடைக்கும். குழந்தை நோயுற்று, அதனருகில் தாய் இருக்க வேண்டிய நாளுக்கு அத்திட்டத்தில் பணம் இல்லை. தொழிற்சாலைச் சட்டத்தின்படி ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்தால்தான் ஈட்டிய விடுப்பு என்ற நிலை இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் தொகுப்பு அதை 180 நாளாகக் குறைத்துள்ளது. சில மாதங்களுக்கு ஒருமுறை ஒப்பந்தக்காரர் பெயரை மாற்றி, வேலையையே புதிதாகத் தொடங்கியதாகக் காட்டினால் அந்த 180 நாளும் கணக்கில் சேர விடாது.

இதை வேறொரு காட்சியோடு ஒப்பிடலாம். ஒன்றிய அரசின் பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலத்தில் 730 நாள் வரை குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. இமாச்சலப் பிரதேசத்தின் அரசுக் கல்லூரி ஆசிரியை ஒருவர், எலும்பு எளிதில் உடையும் பிறவி நோயால் பலமுறை அறுவை செய்துகொள்ள வேண்டியிருந்த தம் மகனுக்காக அத்தகைய விடுப்பு கேட்டார். மாநிலம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பெண்கள் பணியில் பங்கேற்பது சலுகை சார்ந்த விஷயமன்று, அரசமைப்பின் 15ஆவது பிரிவு காக்கும் உரிமை என்றும், குழந்தைப் பராமரிப்பு விடுப்பு அவ்வுரிமைக்குத் துணைநிற்பது என்றும் 2024 ஏப்ரலில் நீதிமன்றம் கூறியது. கொள்கையை மறுபரிசீலனை செய்ய ஒரு குழுவையும் அமைக்கச் சொன்னது.

அந்தத் தீர்ப்பின் நியாயம் அரசு ஊழியரோடு நின்றுவிட முடியாது. அறுவை அரங்கின் உள்ளே பணிபுரியும் நிரந்தரச் செவிலியருக்கு விடுப்புப் பதிவேடு இருக்கிறது. அதே அரங்கின் தரையைக் கழுவும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்குத் தம் குழந்தையின் அறுவை நாள் வெறும் "வராத நாள்". இந்த இரண்டாவது பெண் எந்தச் சமூகத்திலிருந்து வருகிறார் என்பது நாம் அறிந்ததே.

இங்கே அண்ணல் அம்பேத்கரை நினைவுகூர்வது பொருத்தம். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியபோது, தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றும், ஆகவே அச்செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்றும், பெண்ணுழைப்பால் ஆதாயம் பெறும் முதலாளிக்கும் அதில் பொறுப்பு உண்டு என்றும் வாதிட்டார். 1942 முதல் 1946 வரை அவர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில்தான், 1944இல், தொழிலாளர் உடல்நலக் காப்பீடு குறித்த அடார்கர் அறிக்கை அளிக்கப்பட்டது. 1948இன் காப்பீட்டுச் சட்டத்துக்கு அதுவே அடித்தளம். குழந்தை பிறக்கும் நாளுக்கு ஏற்கப்பட்ட அந்தத் தர்க்கம், பிறந்த குழந்தை கத்தியின் கீழ் கிடக்கும் நாளுக்கும் பொருந்த வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

இம்மண்ணுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் தேர்வாய் கண்டிகையின் மேய்ச்சல் நிலம் சிப்காட் தொழிற்பூங்காவுக்காக எடுக்கப்பட்டபோது ஊர் மக்கள் பல ஆண்டுகள் போராடினர். வேலையும் வளர்ச்சியும் வரும் என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்ட பதில். நிலத்தின் மீது வளர்ந்த தொழில், சுற்றுவட்டாரத் தொழிலாளியின் குழந்தைக்கு ஆண்டில் சில நாள் சம்பள விடுப்பைக்கூடத் தராது என்றால், அந்தப் பதிலுக்கு என்ன மதிப்பு?

சூளையில் இது வேறு குற்றம்

செங்கற்சூளையில் நிலைமை இன்னும் கடுமையானது. ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களும் இங்குள்ள இருளர் குடும்பங்களும் முன்பணம் பெற்றுக்கொண்டு சூளைக்குள் வருகின்றனர். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று குடும்பத்துக்கே சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. தாய் ஒரு நாள் மருத்துவமனைக்குச் சென்றால் மண் குழைப்பவரும் கல் அறுப்பவரும் சேர்ந்து செய்யும் வேலை குலைகிறது. கடன் கணக்கு ஏறுகிறது. ஆகவே, "ஒருவர் மட்டும் போங்கள், மற்றவர் இங்கே இருக்கட்டும்" என்று உரிமையாளரோ மேஸ்திரியோ சொல்வதுண்டு. குடும்பம் ஓடிவிடாமல் இருக்க ஒருவரைப் பிணையாக நிறுத்திக்கொள்வதே அதன் பொருள்.

இந்த வாக்கியத்தைச் சட்டத்தின் மொழியில் படிக்க வேண்டும். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், முன்பணத்துக்கு ஈடாக ஒருவர் இந்திய ஆட்சிப்பரப்பில் சுதந்திரமாக நடமாடும் உரிமையை இழப்பதையும் கொத்தடிமை முறையின் அடையாளமாக வரையறுத்துள்ளது. வாங்கிய பணம் கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் சுமை கடன் கொடுத்தவர் மீதே உள்ளது. முன்பணத்தைக் காட்டி, குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் பெற்றோரைத் தடுப்பதை அனுமதி மறுப்பு என்று மட்டும் பதிவு செய்வது தவறு. அது கொத்தடிமை நிலைக்கான சான்று. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்து, தடுத்தவர் அச்சமூகங்களைச் சாராதவராக இருந்தால், அவர்களைக் கட்டாய உழைப்புக்கு உட்படுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படியும் குற்றம். கும்மிடிப்பூண்டிப் பகுதியில் இத்தகைய புகாரைப் பொன்னேரி சார் ஆட்சியரிடம் எழுத்தில் அளிக்கலாம். மருத்துவமனை தந்த தேதிச் சீட்டின் நகலையும் புகாரோடு இணைப்பது வழக்குக்கு வலுச் சேர்க்கும்.

மருத்துவமனையின் வாசலில்

ஒன்று முதல் மூன்று வயது வரை, தாயைப் பிரிவதே குழந்தைக்குப் பேரச்சம். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் 1952இல், மருத்துவமனையில் தனித்து விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் நாட்களைப் படமாக்கிக் காட்டினார். அக்காலத்தில் பிரிட்டன் மருத்துவமனைகள் பெற்றோரைச் சில நேரங்களில் மட்டுமே அனுமதித்தன. ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1959இல், அரசு அமைத்த பிளாட் குழு பெற்றோர் தடையின்றி வரவும், சிறு குழந்தையோடு தாய் தங்கவும் வழிசெய்யப் பரிந்துரைத்தது. பெற்றோர் அருகில் இருப்பது சிகிச்சையின் பகுதி என்பது அன்றிலிருந்து மருத்துவ உலகம் ஏற்ற உண்மை. "கூட்டம் போடாதே, வெளியே நில்" என்ற அதட்டலுக்கு அதில் இடமில்லை.

ஒப்புதல் படிவமும் அப்படியே. நோயாளியோ காப்பாளரோ போதிய தகவலைப் பெற்று, புரிந்துகொண்டு தருவதே ஒப்புதல் என்று 2008இல் சமிரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளில் கைநாட்டு வாங்குவது அந்த வரையறைக்குள் வராது. எப்போது வரை பால் தரலாம், எப்போது வரை தண்ணீர் தரலாம் என்பதும் தகவல்தான். அதைத் தாயின் மொழியில் சொல்லாதவரை தகவல் முழுமை பெறாது. கும்மிடிப்பூண்டியில் அந்த மொழி தமிழாக மட்டும் இராது. ஒடியாவாக, இந்தியாக, தெலுங்காகவும் இருக்கலாம்.

பெற்றோர் சொல்வதைக் காதில் வாங்காததன் விலையைத் தமிழ்நாடு அண்மையில் விவாதித்தது. 2023 ஜூலையில் சென்னை அரசு மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் வலக்கை அகற்றப்பட்டது. ஊசி ஏற்றிய கையின் நிறம் மாறியதைச் சொல்லியும் உடனே கவனிக்கவில்லை என்று தாய் குற்றஞ்சாட்டினார். அரசு நியமித்த குழு கவனக்குறைவு இல்லை என்றும், தொற்றே காரணம் என்றும் கூறியது. அடுத்த மாதம் குழந்தை இறந்தது. மருத்துவக் காரணம் எதுவாயினும், தாய் ஒன்றைச் சொன்னால் அது எந்த மணிக்கு, எவரிடம் சொல்லப்பட்டது, என்ன செய்யப்பட்டது என்று எழுதப்பட வேண்டும். எழுதப்படாத சொல்லை விசாரணையில் எவரும் எண்ணிக்கையில் கொள்வதில்லை. ஒருமையில் விளிக்கப்படும் இருளர் தாயின் சொல்லுக்கு இந்த நிலை இன்னும் எளிதில் நேரும்.

பெற்றோர் செய்யக்கூடியவை

தேதி தரப்படும்போதே நான்கு நேரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: கடைசி உணவு, கடைசிப் பசும்பால், கடைசித் தாய்ப்பால், கடைசித் தண்ணீர். உங்கள் மருத்துவர் தரும் நேரமே இறுதியானது. குழந்தையின் நோயைப் பொறுத்து அது மாறலாம். "எதுவும் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால், "தண்ணீர் எத்தனை மணி வரை?" என்று மறுபடியும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கஞ்சித் தண்ணீரும் மோரும் தெளிந்த நீர் ஆகா. அவற்றில் மாவும் பாலும் உண்டு. சர்க்கரை கலந்த தண்ணீர், இளநீர் ஆகியவற்றைக் கேட்டறிந்த பின்பே கொடுங்கள்.

முதல் நாள் மாலையே குழந்தைக்கு ஓரிரு சொற்களில் உண்மையைச் சொல்லுங்கள்: "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம், தூங்குவே, அம்மா பக்கத்திலேயே இருப்பேன்." "அழுதால் டாக்டர் ஊசி போட்டுவிடுவார்" என்று பயமுறுத்தும் பழக்கத்தை அந்த வாரமாவது விட்டுவிடுவோம். தாய் உடுத்திய பழைய சேலைத் துணி ஒன்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். அந்த மணம் குழந்தைக்குத் துணை. காத்திருக்கும்போது குழந்தையின் கண்ணெதிரே எவரும் உண்ண வேண்டாம். உடன் வந்தவர் ஒருவர் தூக்கிக்கொண்டு உலவ, மற்றவர் வரிசையில் நிற்கலாம். இருவர் வர வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். தாயும் முறைவைத்துத் தனியே சென்று உண்ண வேண்டும்; பட்டினி குழந்தைக்குத்தான் விதிக்கப்பட்டது.

பட்டியல் தாமதமானால் செவிலியரிடம் சென்று, "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும், இப்போது தண்ணீர் கொடுக்கலாமா?" என்று கேளுங்கள். குழந்தை சோர்ந்து, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல், வியர்த்திருந்தால் உடனே சொல்லுங்கள். சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மயக்கம் தெளியும்போது சில குழந்தைகள் தாயையே அடையாளம் தெரியாததுபோல் கதறும். அது சிறிது நேரத்தில் அடங்கிவிடும். அப்போது தாயின் குரலும் மடியும் அருகில் இருக்க வேண்டும். "என் குழந்தை கண் விழிக்கும்போது நான் உள்ளே இருக்க வேண்டும்" என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அரசு செய்ய வேண்டியவை

இவை எல்லாவற்றையும் தாயின் தோளில் ஏற்றிவிட்டு ஒதுங்க முடியாது. பெரிய நிதி எதுவும் தேவைப்படாத சில மாற்றங்களை உடனே செய்யலாம். மயக்க மருந்து தரும் ஒவ்வோர் அரசு மருத்துவமனையும், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ள ஒவ்வொரு தனியார் மருத்துவமனையும், கடிகாரப் படத்தோடு கூடிய பட்டினி நேரச் சீட்டைத் தாயின் மொழியில் தர வேண்டும். பட்டியலில் வயதில் சிறிய குழந்தையும், தொலைவிலிருந்து வருபவரும் முதலில் வைக்கப்பட வேண்டும். விடியற்காலை ரயிலை நம்பி வரும் குடும்பத்துக்கு முந்தைய மாலையே படுக்கையோ தங்குமிடமோ தர வேண்டும். ஒவ்வொரு குழந்தையும் உண்மையில் எத்தனை மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்தது என்பதை மயக்கவியல் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதத் தொடங்கினால்தான் அது எவருடைய வீட்டுக் குழந்தைக்கு நீள்கிறது என்பதும் வெளியே வரும்.

இலவச வாகன வசதியை ஒரு வயதோடு நிறுத்தாமல் ஐந்து வயது வரை, திட்டமிட்ட அறுவைக்கும் நீட்டிக்க வேண்டும். காப்பீடு செய்த தொழிலாளியின் குழந்தை மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கு, பெற்றோரில் ஒருவருக்கு நோய்க்கால உதவித்தொகைக்கு இணையான தொகை தரப்பட வேண்டும். ஒன்றிய அரசு தயங்கினால், பெண் ஊழியர்களின் மகப்பேறு விடுப்பை 2021இல் பன்னிரண்டு மாதமாக்கிய தமிழ்நாடு அரசு, தன் ஒப்பந்தப் பணியாளர்களிடமிருந்தும் சிப்காட் வளாகங்களிலிருந்தும் இதைத் தொடங்கலாம். செங்கற்சூளைகளை ஆய்வு செய்யும் அதிகாரிகளின் வினாப் பட்டியலில் ஒரு கேள்வி சேர வேண்டும்: "கடைசியாக உங்கள் குழந்தைக்கு நோய் வந்தபோது இருவரும் வெளியே போக முடிந்ததா?"

நோன்பு என்பது விரும்பி ஏற்பது. பட்டினி என்பது பிறரால் திணிக்கப்படுவது. மயக்க மருந்துக்கு முந்தைய ஆறு மணி நேரம் குழந்தையின் உயிரைக் காக்க மருத்துவம் கேட்கும் விலை. அதை எந்தத் தாயும் மனமுவந்து தருவாள். அதற்கு மேலே நீளும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மருத்துவமனையும் முதலாளியும் அரசும் கணக்குச் சொல்ல வேண்டும்.